கேள்வி – பதில்: வீட்டில் கட்டிய விமானம் எவ்வளவு மைலேஜ் தரும்?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, நடுவில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகத்தைச் சுற்றி வந்த வாயேஜர் விமானத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு முன்னோடி, யார் வேண்டுமானாலும் தன் வீட்டு கார் ஷெட்டில் கட்டிக்கொள்ளக்கூடிய லாங்-ஈசி என்ற சின்ன விமானம் என்றும் சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த லாங்-ஈசியைப் பற்றித்தான். அதனால் இந்தப் பகுதி முழுக்க அதற்கே.

வீட்டில் விமானம் கட்டுவது என்றால், பாகங்களை வாங்கிப் பூட்டுவதா, இல்லை நிஜமாகவே கட்டுவதா? (கல்லூரி மாணவி, கோவை)

நிஜமாகவே கட்டுவதுதான். இதை வடிவமைத்தவர் பர்ட் ரூட்டன். அமெரிக்க விமானப்படையின் எட்வர்ட்ஸ் தளத்தில் சோதனைப் பறப்புப் பொறியாளராக இருந்தவர். பிறகு கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு சின்ன விமான நிலையத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டார். 1975-ல் வாரிஈசி என்ற விமானம் பறந்தது. அதைக் கொஞ்சம் பெரிதாக்கி, பொத்தானை அழுத்தினால் கிளம்புகிற மாதிரி ஸ்டார்ட்டரோடு கூடிய லைகாமிங் எஞ்சினுக்கு ஏற்றபடி அவர் வரைந்ததுதான் லாங்-ஈசி. 1979 ஜூன் 12 அன்று முதல் தடவை பறந்தது. அவர் விற்றது விமானத்தை அல்ல, வரைபடப் புத்தகத்தை. 1985 வரை விற்றார். ஃபோம், துணி, ரெசின், எஞ்சின் எல்லாம் கட்டுகிறவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேலை எப்படி என்று கேட்டால் நம் ஊர் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்ட ஒரு சூடான கம்பி வைத்திருப்பார்களே, அதே மாதிரி கம்பியை வில்லில் பூட்டி, தெர்மாகோலின் உறவான நீல நிற ஃபோமை இறக்கை வடிவத்தில் வெட்ட வேண்டும். கட்டியின் இரண்டு பக்கமும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் அட்டைகளை அடித்து, ஆளுக்கொரு முனையாகக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு முனை பெரியது, இன்னொன்று சிறியது, ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்காக அட்டைகளில் எண் போட்டிருக்கும், ஒருவர் "பத்து... பதினொன்று..." என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்ல மற்றவரும் அந்த எண்ணுக்குக் கம்பியை நகர்த்துவார். ஒருவர் நடுவில் தயங்கி நின்றால் அந்த இடத்தில் ஃபோம் உருகிப் பள்ளம் விழும். கணவனும் மனைவியும் இப்படி எண்ணிக்கொண்டே வெட்டிய இறக்கைகள் எத்தனையோ.

அப்புறம் அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, காய்ந்தால் கெட்டியாக இறுகும் எபாக்சி ரெசின் என்ற பிசினை ஊற்ற வேண்டும். கடலூர் பக்கம் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெள்ளையாக இருக்கிற இழையில் ரெசின் இறங்கினதும் அது கண்ணுக்கு மறைந்துபோகும், அடியில் இருப்பது தெரியும். எங்காவது வெள்ளைப் புள்ளி மிச்சம் இருந்தால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். விமானத்திலும் இதே கண்தான் வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு: படகில் ரெசின் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, விமானத்தில் கூடுகிற ஒவ்வொரு சொட்டும் வெறும் எடை. அதனால் ரப்பர் தகட்டால் இழுத்து இழுத்து மிச்ச ரெசினை வழித்து எடுத்துவிடுவார்கள். கட்டி முடிக்கப் பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுகள் ஆகும்.

அமெரிக்கச் சட்டப்படி வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்குக்காகக் கட்டுகிறவர்களே செய்திருந்தால் அதற்குச் 'சோதனை விமானம்' என்று சான்றிதழ் கிடைக்கும். வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது.

எவ்வளவு மைலேஜ் தரும்? (டாக்ஸி ஓட்டுநர், திண்டுக்கல்)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இந்த விமானத்தின் பெருமையே அதில்தான் இருக்கிறது. காலி எடை சுமார் 320 கிலோ, எஞ்சின் 115 குதிரைசக்தி, இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரலாம். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இருக்கிற தொட்டிகளில் 197 லிட்டர் பிடிக்கும். ஒரே ஆள் ஏறி, எஞ்சினை 40 சதவீத சக்தியில் நிதானமாக ஓட்டினால் 3,200 கிலோமீட்டர் வரை போகலாம். லிட்டருக்குச் சுமார் 16 கிலோமீட்டர். நாற்கரச் சாலையில் ஒரு சின்ன கார் தருகிற மைலேஜுக்குப் பக்கத்தில்தான், ஆனால் கார் 90-ல் போகும்போது இது 230-ல் போகிறது!

இதற்குக் காரணம் எஞ்சின் அல்ல, உடம்பு. உலோக விமானத்தில் இருக்கிற ஆணித் தலைகள், தகடு சேரும் விளிம்புகள் இதில் கிடையாது, மேல்பரப்பு மழமழவென்று தேய்த்துப் பளபளப்பாக இருக்கும். விமானி சாய்வு நாற்காலியில் படுத்த மாதிரி உட்காருவதால் உடம்பும் மெலிந்து இருக்கிறது. முன் சக்கரம் உள்ளே மடங்கிவிடும். காற்றைக் கிழிக்க ஆகிற சக்தி குறையக் குறைய அதே லிட்டர் இன்னும் தூரம் கொண்டுபோகிறது.

சாதனை, சாதனை என்கிறீர்கள், என்ன சாதனை? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பர்ட்டின் அண்ணன் டிக் ரூட்டன். வியட்நாம் போரில் ஜெட் ஓட்டியவர். லாங்-ஈசி முதல் தடவை பறந்து ஆறே மாதத்தில், 1979 டிசம்பர் 15 அன்று, பின் இருக்கையையும் எரிபொருள் தொட்டியாக்கிக்கொண்டு மொஹாவியில் தனியாகக் கிளம்பினார். கிளம்பின இடத்துக்கே திரும்பி வருகிற சுற்றுப்பாதையில், இறங்காமல் 33 மணி 33 நிமிடம் பறந்தார். 4,800 மைல், அதாவது 7,725 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் போகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சின்ன விமானங்களின் எடைப் பிரிவில் அது உலக சாதனை.

சுற்றுப்பாதை என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நேர்கோட்டில் போகிறவருக்குப் பின்காற்று உதவும், நல்ல காற்று வருகிற நாள் பார்த்துக் கிளம்பலாம். சுற்றிவருகிறவருக்குப் போகும்போது கிடைத்த காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும், மொத்தத்தில் நஷ்டம்தான். நேர்கோட்டுக் கணக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை: 1981 ஜூனில் அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து கரீபியன் பகுதியில் இருக்கும் கிராண்ட் டர்க் தீவு வரை 30 மணி 8 நிமிடத்தில் 4,563 மைல் பறந்தார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நிறைய எரிபொருளோடு கிளம்பும்போது விமானம் கனம், அந்தக் கனத்தைத் தாங்க வேகமாகப் பறந்தாக வேண்டும், அதற்கு எரிபொருள் அதிகம் செலவாகும். அதாவது முதல் பல மணி நேரம், எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் எரிகிறது. தொட்டி காலியாகக் காலியாக விமானம் இலேசாகும், வேகத்தையும் சக்தியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரலாம். குறைக்காமல் விட்டால் கடைசியில் எரிபொருள் பத்தாமல் போகும். தூக்கம் கண்ணைச் சொக்கும் இரண்டாம் நாளில் இந்தக் கணக்கைத் தனி ஆளாக விடாமல் பார்த்தாரே, அதை நினைத்தால் எனக்கு இன்னமும் பிரமிப்பாக இருக்கிறது. என்னைக் கேட்டால், வாயேஜரின் உலகப் பயணத்தைவிட இந்த 33 மணி நேரம்தான் பெரிது, ஏனென்றால் இது ஒரு சாதாரண ஆள் வரைபடம் வாங்கிக் கட்டிக்கொள்ளக்கூடிய விமானம்.

இறக்கை ஏன் முன்பின்னாக மாறி இருக்கிறது? படத்தில் தலைகீழாகப் பறப்பது போல இருக்கிறது. (திருநெல்வேலி)

வழக்கமாக வாலில் இருக்கிற சின்ன இறக்கையை மூக்குப் பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதைக் கனார்ட் என்பார்கள். விசிறி பின்னால் இருந்து தள்ளும். காரணம் பாதுகாப்பு. விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும், சின்ன விமான விபத்துகளில் நிறைய இப்படி நடப்பவைதான். லாங்-ஈசியில் அந்த நிலை வரும்போது முன் இறக்கை முதலில் சக்தி இழக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது சோர்ந்ததும் மூக்கு தானாகக் கீழே இறங்கும், வேகம் திரும்ப வரும். பெரிய இறக்கை அந்த ஆபத்தான கோணத்தை எட்டுவதே இல்லை.

ஆனால் இதற்கும் ஒரு தொல்லை வந்தது: மழை. முதலில் வைத்த முன் இறக்கை வடிவத்தில், மேல்பரப்பில் மழைத்துளிகள் ஒட்டினாலோ பூச்சிகள் அடித்து அப்பியிருந்தாலோ காற்று வழுக்கிப் போவது கெட்டு, தூக்கும் சக்தி குறைந்துவிடும். மழைக்குள் நுழைந்ததும் மூக்கு இறங்கும், விமானி கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். பிறகு ஜான் ரான்ஸ் என்பவர் புதிய வடிவம் ஒன்றை வரைந்து கொடுத்தார், மழையைப் பற்றிய கவலை தீர்ந்தது. ஏற்கெனவே கட்டிப் பறந்துகொண்டிருந்த பலர் பழைய முன் இறக்கையைக் கழற்றிவிட்டு மறுபடி ஃபோம் வெட்ட உட்கார்ந்தார்கள்.

வாயேஜரில் டிக்கோடு போன ஜீனா யேகர், ஒலியின் வேகத்தை முதலில் தாண்டிய சக் யேகருக்கு உறவா? (ஈரோடு)

இல்லை. பெயர் ஒற்றுமை மட்டும்தான். வாயேஜருக்கு முன்பே ரூட்டனின் சின்ன விமானங்களில் அவர் தன் பெயரில் வேக, தூரச் சாதனைகள் வைத்திருந்தார்.

வாயேஜர் எப்படித்தான் உலகத்தைச் சுற்றியது? போன இதழில் அவசரமாக முடித்துவிட்டீர்கள். (வங்கி ஊழியர், சேலம்)

1981-ல் மொஹாவியில் ஒரு சாப்பாட்டு மேஜையில், கை துடைக்கிற காகிதத்தில் பர்ட் கிறுக்கிய படத்தில் தொடங்கியது. அரசாங்கம் ஒரு காசு தரவில்லை. மொஹாவியில் ஒரு கொட்டகையில், சம்பளம் வாங்காத தொண்டர்களையும் நன்கொடைகளையும் வைத்துக் கட்டினார்கள். லாங்-ஈசி சொல்லிக்கொடுத்த பாடத்தைக் கார்பன் இழையில், கடைசி எல்லைவரை கொண்டுபோனதுதான் வாயேஜர். இறக்கை 110 அடி நீளம், உடம்பின் கட்டமைப்பு மட்டும் 939 பவுண்டு, அதாவது 426 கிலோ. இரண்டு எஞ்சின், 17 தொட்டிகள். பறக்கக் கிளம்பியபோது மொத்த எடை சுமார் 4,400 கிலோ, அதில் 3,180 கிலோ எரிபொருள்! பத்துப் பங்கில் ஏழு பங்குக்கு மேல். ஆட்கள் இரண்டு பேருக்கும் கிடைத்த இடம் ஒரு டெலிஃபோன் கூண்டைப் படுக்கப்போட்ட அளவு. ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்தில் படுத்திருப்பார்.

1986 டிசம்பர் 14 காலை 8 மணி 1 நிமிடம், எட்வர்ட்ஸ் தளம். ஓடுபாதை 15,000 அடி. எரிபொருள் கனத்தில் இறக்கைகள் தொங்கி, ஓட ஆரம்பித்ததும் நுனிகள் தரையில் உரசத் தொடங்கின. உரசிக்கொண்டே ஓடியது. 14,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையை விட்டது. மிச்சம் இருந்தது 800 அடி. மேலே போன பிறகு பார்த்தால் நுனியில் நிற்கும் சிறகுகள் சிதைந்து ஆடிக்கொண்டிருந்தன. டிக் விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு, காற்றே அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகும்படி செய்தார். இறக்கைத் தொட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியானதும் மேற்கே திரும்பினார்கள்.

பசிபிக்கில் ஒரு புயலின் ஓரத்தைப் பிடித்து அதன் சுழற்காற்றைப் பின்காற்றாக்கிக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவுக்கு மேல் இடிமேகங்களுக்கு நடுவே வழி தேடினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை எரிபொருள் கணக்கு. எந்தத் தொட்டியிலிருந்து எதற்கு எவ்வளவு மாற்றினோம் என்று ஜீனா குறித்துக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் கனம் கூடினால் அந்தப் பக்கம் சாயும், கணக்கு தப்பினால் கடலில்தான் இறங்க வேண்டும். கடைசி இரவில், வீடு கிட்டத்தட்ட வந்துவிட்ட நேரத்தில், மெக்சிகோ கரையோரம் பின் எஞ்சினுக்கு எரிபொருள் போவது நின்று எஞ்சின் அணைந்துவிட்டது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக முன் எஞ்சினை ஏற்கெனவே அணைத்து வைத்திருந்தார்கள். எஞ்சினே இல்லாமல் சில ஆயிரம் அடி இருட்டில் இறங்கி, முன் எஞ்சினை உசுப்பிக் கிளப்பி, மூக்கைக் கொஞ்சம் நேராக்கியதும்தான் பின் எஞ்சினுக்கும் உயிர் வந்தது.

டிசம்பர் 23 காலை 8 மணி 6 நிமிடத்துக்கு அதே எட்வர்ட்ஸில் இறங்கினார்கள். 9 நாள், 3 நிமிடம், 44 விநாடி. சாதனைப் புத்தகத்தில் 40,212 கிலோமீட்டர். தொட்டிகளில் மிச்சம் இருந்தது 48 கிலோ, எழுபது லிட்டருக்கும் குறைவு. திண்டுக்கல் நண்பருக்காக இதற்கும் கணக்குப் போட்டேன்: லிட்டருக்குச் சுமார் 9 கிலோமீட்டர். அவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு! விமானம் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் சொத்து.

பாடகர் ஜான் டென்வர் இதே விமானத்தில்தானே இறந்தார்? அப்படியானால் பாதுகாப்பு எங்கே? (குடும்பத்தலைவி, மதுரை)

ஆமாம், 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா. நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். அவர் அனுபவமுள்ள விமானி. அந்த லாங்-ஈசி அவர் கட்டியது அல்ல, வேறொருவர் கட்டியதை வாங்கியிருந்தார். வரைபடப்படி, எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று மாற்றும் திருகு விமானியின் கால்களுக்கு நடுவே, கண் முன்னால் இருக்க வேண்டும். கட்டியவர் அதை மாற்றி, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். திருகுவதும் கடினமாக இருந்தது. பறக்கிறவர் குச்சியை விட்டுவிட்டு உடம்பைத் திருப்பிப் பின்னால் கை நீட்ட வேண்டும், அப்படித் திரும்பும்போது கால் தன்னையறியாமல், மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் சுக்கான் மிதியை அழுத்திவிடும். தொட்டியில் எரிபொருளும் குறைவாகத்தான் இருந்தது, நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தாழப் பறக்கும்போது எஞ்சின் தடுமாறியிருக்கிறது, விமானம் கடலில் விழுந்தது. அமெரிக்க விசாரணை வாரியத்தின் அறிக்கை இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்கிறது.

வீட்டில் கட்டும் விமானத்தில் நமக்கு வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சுகம், அதுதான் அதன் ஆபத்தும். டிக் ரூட்டன் 33 மணி நேரம் பறந்ததும் இதே எரிபொருளை நம்பித்தான், டென்வர் இறந்ததும் இதே எரிபொருள் விஷயத்தில்தான். எவ்வளவு இருக்கிறது, திருகு எங்கே இருக்கிறது என்ற இரண்டும் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதில் ராக்கெட் வைத்துப் பறந்தார்கள் என்று நண்பன் சொல்கிறான், நான் நம்பவில்லை. (நாகர்கோவில்)

நம்பலாம். லாங்-ஈசியின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் எரியும் இரண்டு சின்ன ராக்கெட் எஞ்சின் பொருத்தினார்கள். 2001-லிருந்து பறந்தது. 2005 டிசம்பர் 3 அன்று அதே டிக் ரூட்டன், அறுபத்தேழு வயதில், மொஹாவியிலிருந்து பக்கத்து ஊரான கலிஃபோர்னியா சிட்டிக்குத் தபால் பையோடு அதில் பறந்தார். மின்சார மோட்டார் வைத்த லாங்-ஈசி ஒன்று 2012-ல் மணிக்கு 200 மைலைத் தாண்டியது.

நம் நாட்டில் ஒருவர் இப்படிக் கட்ட முடியுமா? (டிப்ளமோ மாணவர், ஓசூர்)

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016-ல் மும்பை கண்காட்சியில் வைத்தார், பல வருடம் அலைந்து 2017-ல்தான் பதிவு எண் கிடைத்தது. நீங்கள் முதலில் முழு விமானத்தை யோசிக்க வேண்டாம், தம்பி. ஒரு முழம் ஃபோம், ஒரு மீட்டர் கண்ணாடி இழைத் துணி, கொஞ்சம் எபாக்சி வாங்கி ஒரு துண்டு இறக்கை செய்து பாருங்கள். காய்ந்த பிறகு எடை போடுங்கள், அதன்மேல் ஏறி நில்லுங்கள். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

படத்தில் அந்த விமானம் ஏன் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு மண்டியிட்டு நிற்கிறது? உடைந்துவிட்டதா? (ஏழாம் வகுப்பு, காரைக்குடி)

உடையவில்லை கண்ணா. எஞ்சின் பின்னால் இருக்கிறது இல்லையா, முன்னால் ஆள் உட்காராதபோது பின்பக்கம் கனம் கூடி, வாலடித்து மல்லாந்துவிடும். அதனால் நிறுத்தும்போது முன் சக்கரத்தை உள்ளே மடித்து, மூக்கை மெதுவாகத் தரையில் வைத்துவிடுவார்கள். கீறாமல் இருக்க மூக்குக்கு அடியில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். கிளம்பும்போது விமானி மூக்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, சக்கரத்தை இறக்கிவிட்டு, ஏறி உட்காருவார். பறக்க ஆரம்பித்ததும் உள்ளே இருக்கிற சின்னக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அதே சக்கரத்தை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வார்.